டிஜிட்டலில் எடுத்த படம் ஃபிலிம் போலத் தெரிய வேண்டுமா? பணத்தை எதில் முதலில் போடுவது

குறும்படம் எடுத்த பலரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் விமர்சனம் இது: "நல்லாத்தான் இருக்கு, ஆனா சீரியல் மாதிரி இருக்கு." ஏன் அப்படித் தோன்றுகிறது என்று கேட்டால் சொன்னவருக்கே விளக்கத் தெரியாது. கண் கண்டுபிடித்துவிடுகிறது, அவ்வளவுதான். அதைக் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? நெட்டில் தேடி ஒரு லட் (படத்தின் நிறங்களை ஒரே அடியில் மாற்றும் கணக்கு அட்டவணை) தொகுப்பு வாங்குகிறோம், அல்லது கிரெயின் (ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்) கிளிப் ஒன்றை இறக்கி டைம்லைனின் மேல் அடுக்கில் போடுகிறோம். அதற்குப் பிறகும் படம் சீரியல் போலவேதான் இருக்கிறது. ஏனென்றால் கோளாறு இருக்கும் இடம் வேறு.

ஒரு குறிப்பிட்ட நிலைமையை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பதினைந்து நிமிடக் குறும்படம். வாடகைக்கோ சொந்தமாகவோ ஒரு மிரர்லெஸ் கேமரா. அது 10 பிட்டில் லாக் (பிறகு கலர் வேலைக்கு இடம் விட்டுவைக்கும் வெளிறிய, தட்டையான பதிவு) பதிவு செய்யும். படம் யூடியூபில் வரும், அமைந்தால் ஒரு திரைப்பட விழாவில் பெரிய திரையிலும் ஓடும். பணம் அளவாகத்தான் இருக்கிறது. இப்படி ஒருவருக்கு முன்னால் உள்ள வழிகள் இவை: படப்பிடிப்பிலேயே சரிசெய்வது, டிஃப்யூஷன் ஃபில்டர் மாட்டுவது, இலவச லட், காசு கொடுத்து வாங்கும் மென்பொருள், டிஜிட்டல் படத்தை ஃபிலிமில் பதிந்து திரும்ப ஸ்கேன் செய்வது, கடைசியாக நிஜமாகவே 16 எம்எம் ஃபிலிமில் எடுப்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதி என்டி ஃபில்டருக்கும் (லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி) லைட்டுக்கும் போக வேண்டும். கலர் வேலைக்கு, டாவின்ச்சி ரிசால்வ் என்ற எடிட்டிங், கலர் மென்பொருளோடு இலவசமாக வரும் பிரிண்ட் லட்டே பாதித் தூரத்துக்கு மேல் கொண்டுபோய் விடும். காசு கொடுத்து வாங்கும் பிளக்இன் (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் கருவி) அதற்கும் பிறகு. கிரெயின் எல்லாவற்றுக்கும் கடைசி.

அசைவும் வெயிலும்

சீரியல் தோற்றத்தின் முதல் காரணம் நிறமே கிடையாது, அசைவு. நம் நாட்டு டிவி முறையில் பழைய வீடியோ கேமராக்கள் வினாடிக்கு 50 அரை ஃபிரேம்களைப் பதிவு செய்தன. சினிமா கேமரா எடுத்ததோ வினாடிக்கு 24 முழு ஃபிரேம். 50 முறை பதிவாகும் அசைவு வழுக்கிக்கொண்டு ஓடுவது போலத் தெரியும். 24-இல் அதற்கு ஒரு கனம் வந்துவிடும். 2002-இல் பானசோனிக் டிவிஎக்ஸ்100 என்ற சின்ன கேமரா 24 முழு ஃபிரேம் எடுக்கும் வசதியோடு வந்தபோது, குறைந்த செலவில் படம் எடுப்பவர்கள் அதைக் கொண்டாடினார்கள். சென்சார் சின்னது, படத்தின் தெளிவும் டிவி அளவுதான். இருந்தும் அதில் எடுத்தது சினிமா போல அசைந்தது.

இன்று 24 பெரும்பாலான கேமராக்களில் உண்டு, பல போன்களிலும் உண்டு. ஆனால் ஷட்டரை ஆட்டோவில் விட்டால் 24 வைத்தும் பயனில்லை. ஃபிலிம் கேமராவில் சுழலும் ஷட்டர் வழக்கமாகப் பாதி நேரம் திறந்திருக்கும். அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/48 வினாடி வெளிச்சம். அந்த அவகாசத்தில் வீசுகிற கை கொஞ்சம் மங்கும், அந்த மங்கலில்தான் அசைவு தொடர்ச்சியாகத் தெரிகிறது. வெயிலில் ஆட்டோ ஷட்டர் 1/1000, 1/2000 என்று ஓடிவிடும். நடக்கிற கால் வெட்டி வெட்டித் தெரியும். இதை எடிட்டில் சரிசெய்ய உருப்படியான வழி எதுவும் இல்லை.

நம் ஊரில் 1/48-ஐ விட 1/50 நல்லது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/50 வினாடியில் சரியாக இரண்டு துடிப்புகள் அடங்கும். எந்தக் கணத்தில் ஷட்டர் திறந்தாலும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதே அளவு வெளிச்சம்தான். 1/48-இல் அந்தக் கணக்கு லேசாகப் பிசகும். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பழைய அரசு அலுவலகம் என்று டியூப்லைட் உள்ள இடங்களில் பின்சுவர் மெல்லத் துடிப்பதைப் பார்க்கலாம். கேமராவில் ஷட்டரைக் கோணமாக வைக்கும் வசதி இருந்தால், 24 ஃபிரேமுக்கு 172.8 டிகிரி என்பது இதே 1/50தான். விலை குறைந்த சில எல்இடி பல்புகள் வேறு வேகத்தில் துடிக்கும். அவற்றை லொகேஷன் பார்க்கப் போகும்போதே கேமராவில் சோதித்துவிடுங்கள்.

24-ஆ 25-ஆ என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விழாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 24 வையுங்கள், பிறகு டிசிபி (தியேட்டரில் ஓட்டக் கொடுக்கும் டிஜிட்டல் கோப்புத் தொகுப்பு) செய்யும்போது ஒரு வேலை மிச்சம்.

சரி, 1/50 என்று முடிவு செய்துவிட்டோம். இனி வெயிலை என்ன செய்வது? சுள்ளென்ற வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/100, லென்ஸ் திறப்பு எஃப்/16 வைத்தால் எக்ஸ்போஷர் சரியாக இருக்கும் என்பது பழைய புகைப்படக்காரர்களின் கணக்கு. பல கேமராக்களில் லாக் பதிவின் அடிப்படை ஐஎஸ்ஓ 800 அல்லது அதன் பக்கம்: அதனால் மூன்று ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). ஷட்டர் 1/50: இன்னும் ஒரு ஸ்டாப். பின்னணி மங்க வேண்டும் என்று எஃப்/2.8 வைத்தால் மேலும் ஐந்து. ஆக ஒன்பது ஸ்டாப் வெளிச்சத்தை லென்ஸுக்கு முன்னாலேயே மறித்தாக வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 2 முதல் 5 ஸ்டாப் வேரியபிள் என்டி இதற்குப் போதாது. அதை மாட்டிவிட்டு "வெளியே எடுத்தாலே படம் எரியுது" என்று கேமரா மேல் குறை சொல்கிறவர்கள் பலர்.

வேரியபிள் என்டி என்பது ஒன்றின் மேல் ஒன்று சுழலும் இரண்டு போலரைசர்கள். வைடு லென்ஸில் வானம் ஒரு பக்கம் இருண்டு மறுபக்கம் வெளுக்கும். முகத்தின் மேல் உள்ள இயல்பான பளபளப்பையும் கொஞ்சம் உறிஞ்சிவிடும். ஃபிலிம் தோற்றம் தேடுகிறவருக்கு இரண்டுமே எதிரி. 6 ஸ்டாப் ஒன்று, 3 ஸ்டாப் ஒன்று என இரண்டு நிலையான என்டி வாங்கினால் ஒன்பதும் கிடைக்கும், தேவைப்பட்டால் தனித்தனியாகவும் ஓடும். வாங்கும்போது அகச்சிவப்பையும் தடுக்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கறுப்புச் சட்டை பழுப்பாகத் தெரியும், அதைக் கலரிஸ்ட் பிரித்தெடுக்கப் படாத பாடு படுவார்.

வேட்டியும் முகமும்

இரண்டாவது காரணம் ஹைலைட், அதாவது படத்தின் மிகப் பிரகாசமான பகுதிகள். இதை ஒரு காட்சியைக் கொண்டு பார்க்கலாம். நடுப்பகல், கோயில் வாசல். மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுத்த பெரியவர் வெள்ளை வேட்டி கட்டி வெயிலில் நிற்கிறார். வேட்டிக்கும் அவர் முகத்துக்கும் இடையே கிட்டத்தட்ட மூன்று ஸ்டாப் வித்தியாசம். அவர் தலை மட்டும் கோபுர நிழலுக்குள் இருந்தால் இன்னும் மூன்று சேரும்.

ஃபிலிமில், அதாவது கலர் நெகட்டிவில், முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்துவிட்டு ஒளிப்பதிவாளர் நிம்மதியாக இருக்கலாம். வேட்டியில் வெளிச்சம் ஏற ஏற, நெகட்டிவ் அதைப் பதிவதன் வேகம் படிப்படியாகக் குறையும்; வெள்ளைக்குள்ளேயும் மடிப்புகள் தெரியும், வெள்ளையின் ஓரம் பின்னணியோடு மெதுவாகக் கலக்கும். டிஜிட்டல் சென்சாரோ ஒரு அளவு வரை நேராக ஏறி, அதன் பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். வேட்டி வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். அதன் ஓரத்தில் கத்தியால் வெட்டியது போன்ற ஒரு கோடு வரும். அந்தக் கோடுதான் "வீடியோ" என்று காட்டிக்கொடுப்பது. ஒருமுறை எரிந்துவிட்ட வேட்டிக்குள் எந்த லட்டும் எந்தப் பிளக்இனும் மடிப்பை வரைய முடியாது.

ஆகவே டிஜிட்டலில் வேட்டியைக் காப்பாற்றிவிட்டு முகத்துக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு: ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை, வெயிலை மென்மையாக்க ஒரு பெரிய வெள்ளைத் துணியும் அதைப் பிடிக்க நான்கு பேரும். இதைவிடச் சிறந்தது நேரத்தை மாற்றுவது. காலை எட்டு மணிக்குள்ளும் மாலை நாலரைக்குப் பிறகும் வெளிக்காட்சிகளை வைத்துக்கொண்டு, நடுப்பகலை வீட்டுக்குள் எடுக்கும் காட்சிகளுக்கு ஒதுக்குங்கள். பட்ஜெட் இல்லாத படத்துக்கு இதைவிடப் பெரிய ஃபிலிம் எஃபெக்ட் எனக்குத் தெரியாது.

உள்காட்சிகளில் சீரியல் செய்வது வேறு. பல கேமரா வைத்து வேகமாக எடுக்க வேண்டும், எல்லா முகமும் தெரிய வேண்டும். அதனால் முன்னாலிருந்தும் மேலிருந்தும் தட்டையாக லைட் அடிக்கிறார்கள். அவர்கள் வேலைக்கு அது சரி. நமக்கு ஒரு ஜன்னல் பக்கமிருந்து வரும் வெளிச்சம் போதும். மறுபக்கத்துக்கு ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் கன்னத்தில் நிழல் இறங்கும். 300 வாட் அளவில் ஒரு எல்இடி லைட்டும் அதற்கொரு பெரிய சாஃப்ட்பாக்ஸும் வாடகைக்கு எடுக்கும் பணம், எந்தப் பிளக்இன் விலையையும்விட நன்றாக வேலை செய்யும்.

கேமராவின் எடையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஃபிலிம் கேமரா கனமானது, தோளில் வைத்தால் மனிதன் நடக்கும் வேகத்தில் மெதுவாக ஆடும். கையடக்க மிரர்லெஸ் விரல் நடுக்கத்தைக்கூடப் பதிவு செய்யும். வேகமாகத் திருப்பினால் செங்குத்துக் கோடுகள் சாயும். கேமராவைச் சுற்றி ஒரு உலோகக் கூண்டு மாட்டி, பேட்டரியும் மானிட்டரும் ஏற்றி எடையைக் கூட்டுங்கள். கையில் பிடிக்கும் காட்சி அப்போதே மாறிவிடும். கேமராவுக்குள் ஷார்ப்னெஸ் என்ற அளவை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். 8 பிட் மட்டுமே பதியும் கேமரா என்றால் லாக் வேண்டாம். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான், நீல வானத்தை இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரியும். 10 பிட்டில் 1024 படிகள் இருப்பதால் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

டிஃப்யூஷன் ஃபில்டர்

பிளாக் புரோமிஸ்ட் வகை ஃபில்டர்கள் ஹைலைட்டிலிருந்து கொஞ்சம் வெளிச்சத்தைச் சிதறடித்துப் பக்கத்தில் பரப்பும். எடிட்டில் செய்யும் பளபளப்பைவிட இதற்கு ஒரு நியாயமான சாதகம் உண்டு: சென்சாருக்குப் போகும் முன்பே நடக்கிறது, ஆகவே எரியப்போகும் பல்பின் உண்மையான பிரகாசத்துக்கு ஏற்றபடி பரவுகிறது. எடிட்டில் எல்லா எரிந்த வெள்ளையும் ஒரே வெள்ளைதான். பாதகம், ஒருமுறை எடுத்தால் கழற்ற முடியாது. லென்ஸ் நீளம் கூடக்கூட விளைவும் கூடும் என்பதால், வைடில் அழகாக இருந்த 1/4 ஃபில்டர் குளோசப்பில் பழைய கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்துவிடும். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 1/8 வாங்குங்கள். இரவுக் கடைத்தெருவில் அதுவும் வேண்டாம், அங்கே ஏற்கனவே நூறு விளக்குகள் எரிகின்றன.

லட்டும் பிளக்இன்னும்

தியேட்டரில் நாம் ஃபிலிம் என்று பார்த்துப் பழகியது இரண்டு ஃபிலிம்களின் கூட்டு வேலை. நெகட்டிவில் பதிவாகும், அதிலிருந்து பிரிண்ட் ஃபிலிமில் எடுத்து ஓட்டுவார்கள். நெகட்டிவ் மென்மையான, விரிந்த பதிவு. அடர்ந்த கறுப்பு, ஆழமான நிறம், முகத்தில் அந்தக் கதகதப்பு இவையெல்லாம் பெருமளவு பிரிண்டில் வந்து சேர்ந்தவை. சந்தையில் விற்கும் பல லட் தொகுப்புகள் ஏதோ ஒரு நெகட்டிவின் பெயரை ஒட்டிக்கொண்டு, கறுப்பைச் சாம்பலாக்கி, நிழலில் பச்சையைத் தடவி நிறுத்திவிடுகின்றன. அந்த வெளிறிய கறுப்பை எந்த நல்ல பிரிண்டிலும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே கோடாக் 2383 என்ற பிரிண்ட் ஃபிலிமின் லட் இருக்கிறது. அதை நேரடியாகக் கேமராவின் லாக் மேல் போடுவதுதான் எல்லோரும் செய்வது. அப்போது முகம் ஆரஞ்சாகி நிழல் மூடிக்கொள்ளும். அந்த லட் எதிர்பார்ப்பது சினியான் என்ற பழைய ஸ்கேனிங் லாக் முறையை. ஆகவே முதலில் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற கருவியைப் போட்டு, கேமராவின் லாக்கை ரெக் 709 என்ற டிவி நிறப்பரப்புக்கும் சினியான் லாக்குக்கும் மாற்ற வேண்டும், அதற்குப் பின்னால் டி65 என்று பெயருள்ள 2383 லட்டை வைக்க வேண்டும். எக்ஸ்போஷர், வெள்ளைச் சமன், காட்சிக்குக் காட்சி பொருத்துவது எல்லாம் இவற்றுக்கு முன்னால் நடக்க வேண்டும். லட்டின் வீரியம் அதிகமாகத் தெரிந்தால் அதன் அளவை அறுபது எழுபது சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

இதைச் சரியாகச் செய்ததும் நிறத்தில் ஒரு மாற்றம் கண்ணில் படும். டிஜிட்டலில் ஒரு நிறத்தைக் கூட்டினால் அது பிரகாசமாகிக்கொண்டே போகும். திருவிழா சீரியல் விளக்குகளின் நீலம் கண்ணைக் குத்துவது அதனால்தான். ஃபிலிமில் நிறம் என்பது சாயம். சாயம் அடர்ந்தால் வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் விழுங்கும், எனவே நிறம் கூடும்போது இருளும் கூடும். அரக்குச் சிவப்புப் பட்டுச்சேலை ஃபிலிமில் கனமாகத் தெரிவதற்கும், அதே சேலை போனில் எரிவதற்கும் இந்த ஒன்றுதான் வித்தியாசம். பிளக்இன்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: சிவப்பைக் கூட்டினால் அது இருள்கிறதா, ஒளிர்கிறதா?

ரிசால்வின் காசுப் பதிப்பான ரிசால்வ் ஸ்டுடியோ 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். 2024-இல் வந்த 19-ஆம் பதிப்பிலிருந்து அதில் ஃபிலிம் லுக் கிரியேட்டர் என்ற கருவி இருக்கிறது; சாய நிறம் போல இருளும் சாச்சுரேஷன் (நிறச் செறிவு), ஹாலேஷன் (பிரகாசமான விளக்கைச் சுற்றி வரும் செவ்வொளி), கிரெயின் எல்லாம் ஒரே இடத்தில். ஸ்டுடியோவில் நாய்ஸ் ரிடக்‌ஷனும் உண்டு, அது எல்லாப் படத்துக்கும் தேவைப்படும். டிஹான்சர், ஃபிலிம்கன்வர்ட் போன்ற தனிப் பிளக்இன்கள் கேமராவுக்குக் கேமரா அளந்த கணக்கோடு வருகின்றன. டிஹான்சரில் நெகட்டிவையும் பிரிண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது எனக்குப் பிடித்த விஷயம், ஃபிலிம் வேலை செய்த வரிசையிலேயே அது யோசிக்கிறது. ஒரு படத்தில் இரண்டு மூன்று கேமரா கலந்திருந்தால் இவை காசுக்கு மதிப்பு. ஒரே கேமராவில் எடுத்த குறும்படத்துக்கு, ஏற்கனவே ஸ்டுடியோ இருந்தால், தனிப் பிளக்இன் வாங்கச் சொல்ல மாட்டேன். ஸ்டுடியோ கூட இல்லை, லைட் வாடகையா ஸ்டுடியோவா என்று வந்தால் லைட்தான்.

ஹாலேஷன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அதிகமாகத் தவறிப்போவது அங்கேதான். கலர் ஃபிலிமில் மேலே நீலத்துக்கான அடுக்கு, நடுவில் பச்சை, அடியில் சிவப்பு. மிகப் பிரகாசமான வெளிச்சம் எல்லா அடுக்கையும் தாண்டிப் போய், ஃபிலிமின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பும். திரும்பும்போது முதலில் சந்திப்பது சிவப்பு அடுக்கு. அதனால் பல்பைச் சுற்றிச் செவ்வொளி. ஆனால் சினிமா நெகட்டிவில் இதைத் தடுக்கவே பின்பக்கத்தில் ஒரு கறுப்புக் கரிப்பூச்சு வைத்திருந்தார்கள். ஆகவே நிஜ சினிமாப் படங்களில் இந்தச் சிவப்பு மிக மெல்லியது, மிகக் கூர்மையான விளிம்புகளில் மட்டும் தெரியும். நெட்டில் பிரபலமான அந்தத் தடித்த சிவப்பு வளையம், சினிஸ்டில் போன்ற ஸ்டில் ஃபிலிம்களின் அடையாளம். அவை கரிப்பூச்சை நீக்கிவிட்டு விற்கப்பட்ட சினிமா ஃபிலிம். புகைப்படத்தில் அது அழகு. குறும்படத்தில் ஒவ்வொரு தெருவிளக்குக்கும் சிவப்பு வளையம் போட்டால், பார்க்கிறவர் கதையை விட்டுவிட்டு வளையத்தைப் பார்ப்பார். கருவியில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஏற்றி, பிறகு பாதிக்குக் கீழே இறக்கிவிடுங்கள்.

கிரெயினும் அப்படித்தான். நிஜ கிரெயின் படத்துக்குள் பிறப்பது. நடுத்தர வெளிச்சத்தில் தெரியும், சுத்த வெள்ளையிலும் அடர்ந்த கறுப்பிலும் அடங்கிவிடும். எல்லா இடத்திலும் சமமாகத் தூவினால் கொசுவலைக்குப் பின்னால் இருந்து பார்ப்பது போல இருக்கும். ஸ்கேன் செய்த கிரெயின் கிளிப்பை வைத்தே சமாளிப்பதென்றால் ஓவர்லே முறையில் வையுங்கள், அது இயல்பாகவே நடுத்தர வெளிச்சத்தில் அதிகம் வேலை செய்யும். வரிசை முக்கியம்: முதலில் டிஜிட்டல் நாய்ஸை நீக்கி, விளிம்புகளின் கூர்மையை ஒரு துளி மழுக்கி, அப்புறம் ஹாலேஷன், அதன் பின் கிரெயின், கடைசியில் பிரிண்ட் லட். நெகட்டிவில் நடந்தவை பிரிண்டுக்கு முன்னால் நடந்தவை, அதே வரிசையை நாமும் பின்பற்றுகிறோம்.

தூசி, கீறல், ஃபிரேம் துள்ளல் இவற்றைத் தொடவே தொடாதீர்கள். அவை பி, சி சென்டர் எனப்படும் சின்ன ஊர்த் தியேட்டர்களுக்குக் கடைசியாக வந்து சேர்ந்த, நூறு முறை ஓடித் தேய்ந்த பிரிண்டின் காயங்கள். எந்த ஒளிப்பதிவாளரும் அவற்றை விரும்பி வைக்கவில்லை.

ஃபிலிமையே பயன்படுத்தினால்?

பெரிய பட்ஜெட்டில் ஒரு நடுவழி இருக்கிறது. 2021-இல் வந்த ட்யூன் படத்தை டிஜிட்டலில் எடுத்து, முடித்த படத்தை 35 எம்எம் ஃபிலிமில் பதிந்து, திரும்ப ஸ்கேன் செய்தார்கள். அடுத்த ஆண்டு தி பேட்மேனிலும் அதையே செய்தார்கள். இரண்டுக்கும் ஒளிப்பதிவு கிரெய்க் ஃப்ரேஸர். கிரெயினும் ஹைலைட்டின் மென்மையும் நிஜமாகவே ஃபிலிமிலிருந்து வருகின்றன. குறும்படக்காரருக்கு இது எட்டாத செலவு, தாண்டிப் போகலாம்.

மறுபக்கம், ஒளிப்பதிவாளர் ஸ்டீவ் யெட்லின் ஃபிலிமையும் டிஜிட்டலையும் அருகருகே வைத்து, எது எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி பொருத்திக் காட்டியிருக்கிறார். 1970-இல் நடக்கும் கதையான தி ஹோல்டோவர்ஸ், டிஜிட்டலில் எடுக்கப்பட்டு 2023-இல் வந்தது. பார்த்தவர்களில் பலர் ஃபிலிம் என்றே நம்பினார்கள். அதாவது டிஜிட்டலால் முடியும். கவனமாக எடுத்த டிஜிட்டலால்.

அப்படியானால் 16 எம்எம் எதற்கு? கணக்கைப் பாருங்கள். 400 அடிச் சுருள் 24 ஃபிரேமில் பதினோரு நிமிடம் ஓடும். பதினைந்து நிமிடப் படத்துக்கு ஐந்து மடங்கு எடுப்பதாக வைத்தால் 75 நிமிடம், 2,700 அடி, ஏழு சுருள். ஃபியூஜிஃபிலிம் 2013-இல் சினிமா நெகட்டிவை நிறுத்திவிட்டதால் பெரும்பாலும் கோடாக்கிடம்தான் வாங்க வேண்டும். சுருளுக்கு ஒரு செலவு, கழுவ ஒரு செலவு, ஸ்கேனுக்கு ஒரு செலவு, கேமரா வாடகை, லைட் மீட்டர் பார்க்கத் தெரிந்த ஒளிப்பதிவாளர், நல்ல ஃபோகஸ் புல்லர் (ஃபோகஸை மட்டும் கவனிக்கும் உதவியாளர்). விமானத்தில் அனுப்பினால் இப்போதைய சிடி ஸ்கேனர்கள் கழுவாத ஃபிலிமைக் கெடுத்துவிடும், கையால் சோதிக்கச் சொல்லி முன்கூட்டியே பேச வேண்டும். சூப்பர் 16 ஃபிரேமின் அகலம் 12.5 மில்லிமீட்டர்தான், சூப்பர் 35-இல் பாதி. அதனால் கிரெயின் திரையில் இரு மடங்கு பெரிதாகத் தெரியும். அந்தக் கரடுமுரடு கதைக்கு வேண்டுமென்றால் அது ஈடு இணையில்லாதது.

ஃபிலிமில் எடுக்கும் செட்டில் இன்னொன்றும் நடக்கிறது. கேமரா ஓடும் ஒவ்வொரு வினாடிக்கும் காசு என்று தெரிந்ததும் ஒத்திகை கூடும், பேச்சு குறையும், நடிகர் முதல் டேக்கிலேயே முழுசாக வருவார். படத்தின் தோற்றத்தில் இதற்கும் பங்குண்டு என்று நான் நினைக்கிறேன். டிஜிட்டலில் எடுக்கும்போதும் ஒரு ஷாட்டுக்கு ஐந்து டேக் என்று வரம்பு வைத்துப் பாருங்கள், செலவில்லாமல் அதில் பாதி கிடைக்கும். மொத்தப் படத்தையும் ஃபிலிமில் எடுக்க முடியாமல் ஒரு நினைவுக் காட்சிக்கு மட்டும் ஆசைப்பட்டால் சூப்பர் 8 இருக்கிறது. 50 அடி கார்ட்ரிட்ஜ், 24 ஃபிரேமில் இரண்டரை நிமிடம். அது சினிமா போல இருக்காது, வீட்டில் எடுத்த பழைய படம் போல இருக்கும், அதற்காகவே பயன்படுத்துங்கள்.

கடைசியாக, படம் எங்கே ஓடப்போகிறது என்பதை வைத்துத்தான் கிரெயினின் அளவை முடிவு செய்ய வேண்டும். யூடியூபின் சுருக்கம் மெல்லிய கிரெயினைத் தின்றுவிட்டு, அதற்குப் பதில் கட்டம் கட்டமான பிசுபிசுப்பை விட்டுவைக்கும். எடுத்தது 1080 ஆனாலும் 4கே டைம்லைனில் வைத்து, கிரெயினையும் அங்கேயே போட்டு, 4கே ஆகவே ஏற்றுங்கள். 1080-இல் ஏற்றுவதைவிட அதிக பிட்ரேட் (வினாடிக்கான தரவின் அளவு) கிடைக்கும். கிரெயின் கொஞ்சம் பெரிதாகவும் மென்மையாகவும் இருக்கட்டும். டிசிபியில் வினாடிக்கு 250 மெகாபிட் வரை இடம் இருப்பதால் மெல்லிய கிரெயினும் தப்பிக்கும், ஆனால் நாற்பது அடித் திரையில் எல்லாம் பெரிதாகத் தெரியும். ஆகவே கிரெயின் நோடை (ரிசால்வில் அந்தத் திருத்தம் இருக்கும் கட்டம்) மட்டும் மாற்றி இரண்டு பதிப்பு எடுங்கள். விழாவுக்கானதை அனுப்பும் முன், ஏதாவது ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முகம் குளோசப்பில் வரும் ஒரு பகல் காட்சியும் ஒரு இரவுக் காட்சியும் பார்த்தால் போதும், எவ்வளவு இறக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.